சேவ் போட்டியாடா?

கரண்ட் போனதும் பிரவுசிங் சென்டரில் ஒரு கணம் சத்தமே இருக்காது. ஃபேன் மெல்ல ஓய்ந்து நிற்கும். அப்புறம்தான் இருட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்பார்கள்: "சேவ் போட்டியாடா?" வைஸ் சிட்டி ஆடிக்கொண்டிருந்தவன், "வீட்டுக்குப் போய்ப் போட்டேன், அதுக்கப்புறம் ஆடின ஒரு மிஷன்தான் போச்சு" என்பான். ஐ.ஜி.ஐ. ஆடிக்கொண்டிருந்தவன் வாயே திறக்க மாட்டான். அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே பாவம். அந்த விளையாட்டில் மிஷனுக்கு நடுவே சேவ் என்ற ஒன்றே கிடையாது.

நான் சொல்வது 2008ஐ ஒட்டிய வருடங்கள். எங்கள் ஊர் மாதனூர், வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி வரும். அப்போது வேலூர் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் டவுன் பஸ் பிடித்து நாங்கள் ஆம்பூர் போவோம். கையில் இருக்கும் காசு ஒரு மணி நேர சிஸ்டத்துக்கு, மிஞ்சினால் அரை பிளேட் பிரியாணிக்கு. கரண்ட் போனால் கடைக்கார பாய் நேரத்தை நிறுத்திவைப்பார், அதில் நியாயமானவர். ஆனால் போன மிஷனை அவரால் திருப்பித் தர முடியாது.

பதுங்கி ஆடும் விளையாட்டுகளில் ஒருவர் எத்தனை தடவை சேவ் போடலாம்? கேட்டால் சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தெரியும். ஆனால் இந்த வகை விளையாட்டுகளைச் செய்பவர்கள் நாற்பது வருடங்களாக இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லிவருகிறார்கள். ஆடுகிறவர்களோ இதைக் குணம் சார்ந்த விஷயமாகவே பேசுகிறார்கள். பயந்தவன் அடிக்கடி போடுவான், தில்லுள்ளவன் போடமாட்டான் என்பது சென்டர் காலத்து நம்பிக்கை. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

முதலில், பதுங்கல் விளையாட்டில் மட்டும் இது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? சுட்டுத்தள்ளும் விளையாட்டில் அடி படிப்படியாக விழும். ரத்தம் குறையும், மருந்துப் பெட்டி எடுத்தால் ஏறும். தப்பு செய்தாலும் கணக்கு நேராகிவிடும். பதுங்கலில் அப்படியில்லை. இருபது நிமிடம் சுவரோடு சுவராக ஊர்ந்து, காவல்காரன் திரும்பும் நேரத்தை எண்ணி, கேமராவின் கண்ணுக்குத் தப்பி வந்திருப்போம். ஒரு ஆள் ஒரு நொடி பார்த்துவிட்டால் அந்த இருபது நிமிடமும் பாழ். பார்த்தான், பார்க்கவில்லை என்ற இரண்டே நிலைதான். தெருவில் ஆடும் ஐஸ்பாயில் 'பாதி அவுட்' உண்டா? அதே கதைதான். அதனால்தான் பதுங்கல் ஆடுகிறவனின் விரல் எப்போதும் சேவ் பட்டனைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்து, ஈடோஸ் 2000 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு. மேலைநாட்டு விமர்சகர்கள் அதைப் பாராட்டிய அதே மூச்சில் திட்டியதற்கு ஒரு முக்கியக் காரணம்: நடுவில் சேவ் கிடையாது. அங்கே அது கொஞ்ச நாளில் மறந்துபோன சரக்கு. இங்கே கதை வேறு. நகல் சிடியில், பென்டிரைவில், கடைக்குக் கடை பரவி, இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே அதுதான் முதல் 'பதுங்கல்' பாடம். 14 மிஷன். டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள். கையில் துப்பாக்கி, பைனாகுலர், மேலிருந்து பார்க்கும் சாட்டிலைட் மேப். அங்கங்கே கிடைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டால்தான் உடம்பு தேறும், தானாக ஏறாது.

அந்த மேப்புகள் பரந்தவை. இன்னர்லூப் அதற்கு முன் செய்திருந்த போர்விமான விளையாட்டின் எஞ்சினை வைத்துக் கட்டியதால் மலை, பள்ளத்தாக்கு, வேலி என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்திருக்கும். அந்த வெட்டவெளியில் ஒரு தளத்துக்குள் நுழைந்து, கேமராக்களை நிறுத்தும் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பதற்குள் அலாரம் அடித்துவிட்டால், பாரக் கதவு திறந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுடச் சுட வருவார்கள். மிஷன் முடிய இன்னும் ஒரு கட்டடம்தான் பாக்கி என்ற இடத்தில், கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்பவன் ஒருவனைப் பார்க்க மறந்திருப்போம். ஒரே குண்டு. திரும்பவும் ஆரம்பத்திலிருந்து, அதே வேலி, அதே ஓட்டம்.

நடுவில் சேவ் வைப்பது லேசான வேலையும் இல்லை. மிஷன் முடிந்ததும் சேவ் செய்ய ஒரே ஒரு எண் போதும்: ஐந்தாவது முடிந்தது, ஆறு திறந்தாயிற்று. நடுவில் என்றால் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். எந்தக் காவல்காரன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், சந்தேகப்படுகிறானா, எந்தப் பிணம் எங்கே கிடக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, அலாரம் அடித்து எத்தனை நொடி ஆயிற்று. ஒன்று விட்டுப்போனாலும் லோட் போட்டதும் உலகம் கோணலாக எழுந்து நிற்கும். ஆக, சேவ் வைக்கிற விளையாட்டு அதற்கென்று தனியாகக் காசும் உழைப்பும் செலவழித்திருக்கிறது என்று அர்த்தம்.

சேவ் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் சுவாரஸ்யம். விளையாட்டு எழுதிவைக்காததை நாங்கள் எழுதிவைத்தோம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோபுரம், பாரக், கேமரா எல்லாம் பென்சிலால் வரைந்து, "இவன் நாலு எண்ணினா திரும்புவான்" என்று குறிப்பு வேறு. காவல்காரர்களின் நடை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால் அது பலித்தது. பத்தாவது தடவை ஆடும்போது அது பதுங்கல் அல்ல, மனப்பாடம். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற அதே மனப்பாடம். பயம் போய்விட்டது; வேகம் மட்டும் மிஞ்சியது. சேவ் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் திக்திக்கென்று இருக்கும் என்று இன்று இணையத்தில் உருகுகிறவர்கள் முதல் இரண்டு தடவையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க்கரை 1998லேயே உருவாகிவிட்டது. அந்த வருடம் அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் 'தீஃப்' விளையாட்டை வெளியிட்டது. நிழலில் நின்றால் தெரியாது, கல்தரையில் நடந்தால் சத்தம் கேட்கும் என்று இந்த வகைக்கே இலக்கணம் எழுதியது அது. எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் சேவ். அதே வருடம் ஸ்பெயினின் பைரோ ஸ்டூடியோஸ் செய்த 'கமாண்டோஸ்' வந்தது. கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் சேவ், கண்ட்ரோல்-எல் அழுத்தினால் லோட். எங்கள் சென்டரில் கமாண்டோஸ் ஆடுகிறவர்களின் கீபோர்டில் அந்த மூன்று பட்டனும் தேய்ந்தே போயிருக்கும். ஒரு ஜெர்மன் சிப்பாயைக் குத்து, சேவ். இழுத்து ஒளித்துவை, சேவ். அடுத்தவன் பார்த்துவிட்டானா, லோட். மேலிருந்து பார்க்கும் அந்த விளையாட்டு உண்மையில் ஒரு புதிர். சதுரங்கத்தில் காயை நகர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதைப் போல. அங்கே அடிக்கடி சேவ் போடுவது ஏமாற்றுவேலை இல்லை, அதுதான் ஆடும் முறையே.

அந்த உண்மையைக் கூச்சப்படாமல் ஒப்புக்கொண்டவர்கள் ஜெர்மனியின் மிமிமி கேம்ஸ்காரர்கள். 2016ல் அவர்கள் செய்த 'ஷேடோ டாக்டிக்ஸ்' கமாண்டோஸின் பேரப்பிள்ளை. நீங்கள் சேவ் போட்டு ஒரு நிமிடம் தாண்டினால் திரையில் ஒரு கடிகாரம் எட்டிப்பார்க்கும்: கடைசியாக சேவ் போட்டு இவ்வளவு நேரம் ஆயிற்று. நேரம் போகப் போக நிறம் மாறி முறைக்கும். எவ்வளவுக்கொரு முறை சேவ் போடவேண்டும் என்ற கேள்விக்கு ஒரு விளையாட்டே நேரடியாகப் பதில் சொன்னது அநேகமாக இங்கேதான். பதில்: நிமிடத்துக்கு ஒன்று. 2023ல் 'ஷேடோ கேம்பிட்' விளையாட்டில் இன்னும் ஒரு படி போய், சேவ் போடுவதையே கதைக்குள் கொண்டுவந்தார்கள். பேய்க்கப்பல் ஒன்று நடந்ததை நினைவாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது, வேண்டும்போது அந்த நினைவுக்குத் திரும்பலாம். அதே வருடம் அந்த நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தது வருத்தமான செய்தி.

இரண்டு கரைக்கும் நடுவே ரேஷன் கார்டு முறை. டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் 2000ல் கொண்டுவந்த முதல் 'ஹிட்மேன்' மிஷனுக்கு நடுவே சேவ் தரவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டது. 2002ல் வந்த இரண்டாம் பாகத்தில் எண்ணிக்கொடுத்தார்கள். நார்மலில் மிஷனுக்கு 7, அடுத்த நிலையில் அதைவிடக் குறைவு, கடைசிக் கடினத்தில் ஒன்றுமே இல்லை. இன்னர்லூப்பும் பாடம் கற்றது. 2003ல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'ஐ.ஜி.ஐ. 2' மிஷனுக்கு இத்தனை என்று எண்ணிக்கையோடு சேவ் தந்தது. ரேஷன் வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. எப்போது சேவ் போடுவது என்பதே ஒரு தந்திரம் ஆகிவிடுகிறது. சர்க்கரை தீர்ந்துவிடுமோ என்று டப்பாவை எட்டிப் பார்க்கிற மாதக்கடைசி அம்மாக்களின் கணக்கு அது. என் சேக்காளி ஒருவன் ஐ.ஜி.ஐ. 2ல் ஒரு சேவையும் செலவழிக்காமல் கடைசிவரை மிச்சம் பிடிப்பான். பிடித்து, கடைசியில் செத்து, மிச்சம் பிடித்ததையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஜப்பான்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். எண்ணிக்கொடுக்கவில்லை, எண்ணிக் காட்டினார்கள். 1998ல் கொனாமி வெளியிட்ட ஹிதேயோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட்' விளையாட்டில் சேவ் போட வேண்டுமானால் வயர்லெஸ்ஸில் மே லிங் என்ற பெண்ணைக் கூப்பிட வேண்டும். பதிவு செய்வதோடு அவள் ஒரு பழமொழியும் சொல்வாள். கூப்பிட்டுவிட்டு வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நாக்கை நீட்டிப் பழிப்பு காட்டுவாள். அதைவிட ஒரு படி மேலே, சைக்கோ மான்டிஸ் என்ற வில்லன் உங்கள் மனதைப் படிப்பதாகச் சொல்லி, மெமரி கார்டைப் படிப்பான். நீங்கள் எவ்வளவு அடிக்கடி சேவ் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, ஜாக்கிரதையான ஆள் என்றோ அசட்டுத் துணிச்சல்காரன் என்றோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். இரண்டாம் பாகம் முடிந்ததும் வரும் மதிப்பெண் பட்டியலில் எத்தனை சேவ் என்பதும் ஒரு வரி. அது கூடினால் கிடைக்கும் பட்டம் குறையும். சேவ் போட யாரும் தடுக்கவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்கப் போட வேண்டும். பந்தியில் மூன்றாவது தடவை லட்டு கேட்கிற கூச்சம்.

பயத்தை விலையாகக் கேட்டது 2014ல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்'. சுவரில் மாட்டியிருக்கும் போன் பெட்டியில் கார்டைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று நொடிதான். அந்த மூன்று நொடிக்குள் பின்னாலிருந்து அந்த ஜந்து வந்து கொன்றுவிடலாம். சேவ் போடும்போதே செத்துப்போவது எனக்கு ஒரு தடவை நடந்தது. சிரிப்புதான் வந்தது. 2015ல் 'க்ளே' (Klei) என்ற நிறுவனம் வெளியிட்ட 'இன்விசிபிள், இன்க்.' விளையாட்டில் ஆடிய ஒரு சுற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இத்தனை வாய்ப்பு என்று எண்ணிக்கொடுப்பார்கள். கடினம் கூடக்கூட அதுவும் குறையும்.

இத்தனை வழிகளையும் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று. 'சேவ்' என்ற ஒரே பட்டனுக்குள் இரண்டு வெவ்வேறு உரிமைகளை அடைத்துவைத்திருக்கிறார்கள். சண்டை எல்லாம் அதனால்தான்.

தெரு விளையாட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஓடிப்பிடித்து ஆடும்போது செருப்பு அறுந்தாலோ, அம்மா கூப்பிட்டாலோ, கையை உயர்த்தி "டைம்ப்ளீஸ்!" என்று கத்தினால் போதும். ஆட்டம் நிற்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். அவுட் ஆகியிருந்தால் அவுட்தான். இன்னொன்று, அவுட் ஆன பிறகு "இது சேத்தி இல்ல, நான் ரெடியாவே இல்ல, மறுபடி வா" என்பது. அதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

சேவும் அப்படித்தான். ஆட்டத்தை இங்கே நிறுத்திவிட்டு நாளைக்கு வந்து தொடர்வதற்கு ஒரு சேவ். நடந்த தப்பை நடக்காததாக ஆக்கிக்கொள்வதற்கு இன்னொரு சேவ். முன்னது டைம்ப்ளீஸ், பின்னது அழுகுணி. அடிக்கடி சேவ் போடுவது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் பின்னதைத்தான் சொல்கிறார்கள். சேவ் இல்லாத விளையாட்டு கொடுமை என்பவர்கள் பெரும்பாலும் முன்னதை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இருவரும் சொல்வது சரி. பேசுவது மட்டும் வேறுவேறு பொருளைப் பற்றி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பழைய விளையாட்டுகள் வேறு மாதிரி தெரிகின்றன. ஐ.ஜி.ஐ. இரண்டையும் மறுத்தது. தீஃப் இரண்டையும் அள்ளிக்கொடுத்தது. 2006ல் வந்த 'ஹிட்மேன்: பிளட் மணி' செய்ததுதான் விநோதம்: மிஷனுக்கு நடுவே சேவ் உண்டு, ஆனால் விளையாட்டை மூடிவிட்டால் அது போய்விடும். அழுகுணிக்கு அனுமதி, டைம்ப்ளீஸுக்கு இல்லை! கரண்ட் போனால் எல்லாம் காலி. கோபன்ஹேகனில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றியிருக்காது. அதற்குத் தலைகீழ், 'டிஸ்ஹானர்ட் 2' விளையாட்டில் பிறகு சேர்த்த இரும்பு முறை. விளையாட்டு தானாகவே சேவ் போட்டுக்கொள்ளும், எப்போது வேண்டுமானாலும் மூடிவிட்டுப் போகலாம். ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது, செத்தால் முடிந்தது. டைம்ப்ளீஸ் மட்டும். என் மனதுக்கு நியாயமாகப் படுவது இதுதான், அதை ஆடி முடிக்கிற திறமை எனக்கு இல்லாவிட்டாலும்.

எங்கள் பக்கத்தில் தோல் பதனிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பச்சைத்தோலை உப்புப் போட்டு அடுக்கினால் வாரக்கணக்கில் கிடக்கும். ஒருமுறை அதை நனைத்துச் சுண்ணாம்பில் இறக்கிவிட்டால் பிறகு கைவிட முடியாது. ஸ்டிரைக் என்றாலும் கரண்ட் இல்லை என்றாலும் அந்தத் தோல் காத்திருக்காது, கெட்டுவிடும். டிரம்மில் சுற்றி, குரோம் ஏறி, நீலம் பாய்ந்து 'வெட் புளூ'வாக வெளியே வந்த பிறகுதான் முதலாளிக்கு மூச்சு வரும். அந்த நிலையில் மாதக்கணக்கில் வைக்கலாம், லாரி ஏற்றலாம், விற்கலாம். வெட் புளூ ஒரு சேவ் பாயின்ட். ஆனால் நிறுத்திவைக்கத்தான் முடியும், திரும்பப் பச்சைத்தோலாக ஆக்க முடியாது. ஷூ கம்பெனியில் தோலை வெட்டும் பிரிவுக்குப் பெயரே 'கிளிக்கிங்'. டையை வைத்து மெஷினை இறக்கினால் ஒரு அடி. தழும்பு இருந்த இடத்தில் டை விழுந்துவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். அங்கே கண்ட்ரோல்-எல் கிடையாது. எங்கள் அக்கா ஒருவர் பல வருடம் அந்தப் பிரிவில் இருந்தவர். நான் கமாண்டோஸ் ஆடுவதை ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "இப்டி வேல கெடச்சா நல்லாருக்கும்டா" என்றார்.

சென்டர் காலத்தில் டைம்ப்ளீஸுக்கு இன்னொரு எதிரியும் இருந்தான். வைரஸுக்குப் பயந்து பல கடைகளில் 'டீப் ஃப்ரீஸ்' என்ற சாஃப்ட்வேர் போட்டிருப்பார்கள். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தால் ஹார்ட் டிஸ்க் பழைய நிலைக்கே போய்விடும். நாம் போட்ட சேவும் அதோடு போகும். ஆறு மிஷன் முடித்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் நம் பெயரே பட்டியலில் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் சேவ் ஃபைலைத் தேடி எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்னும் விவரமானவர்கள், எல்லா மிஷனும் திறந்த சேவ் ஃபைல் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து கடைசி மிஷனில் இருந்தே ஆரம்பிப்பார்கள். அதில் எந்தச் சுவையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மின்வெட்டை வெறும் பழங்கதையாகச் சொல்லவில்லை. 2008ல் தொடங்கி ஐந்தாறு வருடம் தமிழ்நாட்டில் அதுதான் அரசியல். 2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஜெனரேட்டர் ஏது? யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால் ஐந்து நிமிடம். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் கை தானாக சேவுக்குப் போகும். அந்த வயதில் வந்த பழக்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. கட்டுரை எழுதும்போதும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு கண்ட்ரோல்-எஸ். இதைப் பயந்த குணம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

பழக்கம் போகாவிட்டாலும், அந்த நிலைமையை மாற்றியது எந்த விளையாட்டும் அல்ல, அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பாடம் படிக்கக் கொடுத்ததில் ஐ.ஜி.ஐ.யும் வைஸ் சிட்டியும் குடியேறியது ஊரறிந்த ரகசியம். அதில் பேட்டரி இருந்தது. கரண்ட் போனாலும் டேவிட் ஜோன்ஸ் சாகவில்லை. எழுந்து போக வேண்டுமானால் மூடியை மூடினால் போதும், திறந்தால் அதே வேலி ஓரம் அதே ஆள் குந்தியிருப்பான். விளையாட்டு கொடுக்க மறுத்த டைம்ப்ளீஸை ஒரு பேட்டரி கொடுத்துவிட்டது. 2020ல் எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 'குயிக் ரெஸ்யூம்' என்று பெரிதாக விளம்பரப்படுத்தியதை அதற்கு ஒன்பது வருடம் முன்பே மாதனூரில் பார்த்தாயிற்று என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும், இருந்தாலும்.

சரி, அழுகுணி சேவை என்ன செய்வது? அதை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஆடுகிறவன் அடிக்கடி லோட் போடுகிறான் என்றால், பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2002ல் யூபிசாஃப்ட் கொண்டுவந்த முதல் 'ஸ்பிளின்டர் செல்' விளையாட்டில் பல இடங்களில் அலாரம் மூன்று தடவை அடித்தால் மிஷனே தோல்வி. அப்படி இருக்கும்போது முதல் அலாரத்திலேயே எவனும் லோட் போடத்தான் செய்வான். டிஸ்ஹானர்ட் பிடிபட்டாலும் ஓட, ஒளிய, சண்டைபோட எல்லா வழியும் வைத்திருக்கிறது. ஆனால் யாரும் பார்க்காமல் முடித்தால்தான் அதற்கான பாராட்டு. பாராட்டு வேண்டுமென்றால் லோட் பட்டனைத் தேய்த்தாக வேண்டும். இந்த வகையில் நல்ல விளையாட்டு, பார்த்துவிட்டான் என்ற அந்த நொடியிலிருந்து இன்னொரு ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். கூரைக்கு ஓடு, கதவை அடை, அலமாரிக்குள் மூச்சைப் பிடித்து நில். அந்தப் பத்து நிமிடம்தான் மறுநாள் நண்பனிடம் சொல்ல மிஞ்சும் கதை. லோட் போட்டு அழித்துவிட்டால் கதையும் போச்சு. ஹிட்மேனின் புதுப்பதிப்பில் 2016லிருந்து நழுவும் குறிகள் என்று சில நாட்களுக்கு மட்டும் சிலரை இறக்கிவிட்டார்கள். நடுவில் சேவ் கிடையாது, அப்படி ஒருவனைக் கொல்லப் போய்ச் செத்தால் திரும்ப வாய்ப்பில்லை. அதே மேப்பை நூறு தடவை ஆடியவர்களுக்கும் கை நடுங்கியது. சேவை எப்போதாவது ஒருமுறை பிடுங்கினால் அதற்கு மதிப்பு உண்டு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்தனை தடவை என்று என்னைக் கேட்கும் அக்கா மகனுக்கு நான் சொல்வது இதுதான். கமாண்டோஸ், ஷேடோ டாக்டிக்ஸ் மாதிரி மேலிருந்து பார்ப்பது என்றால் கணக்கே பார்க்காதே, கடிகாரம் சிவக்கும் முன் போடு. தீஃப், ஹிட்மேன் மாதிரி ஆளோடு ஆளாக நடப்பது என்றால், புது முற்றத்துக்குள் நுழையும் முன் ஒன்று, உடம்பும் குண்டும் போதுமான அளவு இருந்து பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும். துரத்தப்படும்போது சேவ் போடாதே. பழைய சேவின் மேலேயே எழுதித் தொலைத்துவிட்டு, லோட் போடப் போட அதே குண்டில் சாகிற கதி எனக்கு வந்திருக்கிறது. பார்த்துவிட்டான் என்பதற்காக லோட் போடாதே. செத்தால் போடு.

அவன் கேட்பதில்லை. அவன் ஃபோனில் ஆடுவதெல்லாம் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர். அங்கே சேவ் என்பதே கிடையாது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் டைம்ப்ளீஸ் கிடையாது.

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் விளையாட்டு செய்யக் கிளம்பியிருக்கும் நம் பிள்ளைகள் நிறைய. காட்பாடியில் என்ஜினீயரிங் படிக்கும்போதே ஹாஸ்டல் அறையில் செய்துபார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதுங்கல் விளையாட்டு செய்கிறீர்கள் என்றால் அழுகுணி சேவை உங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளுங்கள்: எண்ணிக்கொடுங்கள், விலை கேளுங்கள், ஊரறிய எழுதிப்போடுங்கள், அடியோடு மறுத்தாலும் சரி. ஆனால் ஆட்டத்தை விட்ட இடத்தில் நிறுத்திவைக்கும் சேவை முதல் நாளே எழுதிவிடுங்கள், அதுவும் தானாகவே போட்டுக்கொள்கிற மாதிரி. நேற்று மத்தியானமும் மாதனூரில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை.